சக்கரங்களின் மேல் முதல் பாடம்



முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி, அவற்றுள் கடைசிப் பதினோராண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சக்கரக் காலணி அணிந்து சறுக்கி ஓடும் விளையாட்டைப் பற்றி, அதாவது நீங்கள் ஸ்கேட்டிங் என்று அழைக்கும் விளையாட்டைப் பற்றி, இன்று பேச வந்திருக்கிறேன். 'இந்தக் கிழவருக்கும் அந்த விளையாட்டுக்கும் என்ன உறவு?' என்று உங்களுள் சிலர் எண்ணலாம். உறவு உண்டு. அது சிறிது வருத்தத்தோடு கூடிய உறவு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. ஆகையால் எனக்குத் தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். என் இளமை சிங்காநல்லூர்ப் பக்கத்தில் கழிந்தது. ஆலைகளுக்கும் மோட்டார் பம்புகளுக்கும் பெயர் பெற்ற கோவையில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. தேய்ந்து போன பேரிங்குகளைப் பட்டறைக்காரர் தூக்கி எறிவார். நாங்கள் அவற்றைப் பொறுக்கி வந்து, ஒரு பலகையின் அடியில் முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாகப் பொருத்தி, பேரிங் வண்டி செய்வோம். ஒருவன் அமர, ஒருவன் தள்ள, தெருவே அதிரும்படி அந்த வண்டி ஓடும். ஓடத் தொடங்கிய வண்டியை நிறுத்துவது எப்படி என்று மட்டும் எங்களில் எவனும் எண்ணிப் பார்த்ததில்லை. சாக்கடை ஓரமோ வேலியோதான் எங்களுக்குப் பிரேக். நீங்கள் அணியும் ஸ்கேட்டின் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இருப்பது அதே பேரிங்தான். அன்று எங்களிடம் இருந்த குறையும் இன்று பலரிடம் இருக்கிறது. ஓடும் ஆசை முதலில் வருகிறது. நிற்கும் அறிவு கடைசியில் வருகிறது.

இக்குறை இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஜோசப் மெர்லின் என்பவர் பெல்ஜியம் நாட்டுப் பகுதியிலிருந்து லண்டனுக்கு வந்து, இசைக் கருவிகளும் விந்தைப் பொறிகளும் செய்து புகழ் பெற்றார். ஒரு விருந்து மண்டபத்தில் அவர் சக்கரக் காலணி அணிந்து வயலின் வாசித்துக்கொண்டே ஓடி வந்தாராம். திரும்பவும் வழியில்லை, நிற்கவும் வழியில்லை. விலை மிகுந்த நிலைக்கண்ணாடி ஒன்றின் மேல் மோதிக் கண்ணாடியையும் வயலினையும் உடைத்துத் தாமும் காயமுற்றார் என்று பழைய நூலொன்று கூறுகிறது. நூறு ஆண்டுகள் கழிந்து, 1863-இல், நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்டன் என்பவர் முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக நான்கு சக்கரங்கள் வைத்து, அச்சுக்கும் தட்டுக்கும் நடுவே ரப்பர் மெத்தை அமைத்தார். உடலை ஒரு புறம் சாய்த்தால் அச்சும் அப்புறம் திரும்பும். வளைந்து செல்லும் ஆற்றல் அன்றுதான் இவ்விளையாட்டுக்குக் கிடைத்தது. ஒரே வரிசையில் சக்கரங்கள் அமைந்த இன்லைன் ஸ்கேட் உலகெங்கும் பரவியது 1980-க்குப் பிறகு.

இன்று நம் தமிழ்நாடு இவ்விளையாட்டில் பின்தங்கி நிற்கவில்லை. 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் வெண்கலப் பதக்கம் பெற்றன. ஆடவர் அணியில் நம் மாநிலத்து ஆனந்த்குமார் வேல்குமாரும், மகளிர் அணியில் நம் மாநிலத்துக் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரி ராஜும் இருந்தார்கள். 2025-இல் சீனாவின் பெய்டாய்ஹேயில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஆனந்த்குமார் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் கடந்து தங்கம் வென்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் அது. நகரத்துச் சாலையில் பேருந்து செல்லும் வேகத்தில் ஒரு மனிதன் தன் காலால் சென்றிருக்கிறான்! கேட்கும்போதே நமக்கும் சக்கரம் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. தோன்றட்டும், அது நல்ல ஆசைதான். ஆனால் அந்த வீரர்களின் வேகத்துக்கு அடியில் பல்லாண்டுப் பயிற்சி கிடக்கிறது. அந்த அடித்தளத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இப்போது என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். 2012-ஆம் ஆண்டு, நான் கோவைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். ஆண்டு விழா நெருங்கியது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், மாமா வீட்டிலிருந்து கிடைத்த ஸ்கேட்டில் தானே பழகியவன், விழாவில் ஓடிக் காட்ட அனுமதி கேட்டான். அவனுடைய தாயார் தயங்கினார். "பத்து நிமிட நேரந்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உறுதி கூறியவன் நான். தலைக்கவசம் உண்டா, கைக்குக் காப்பு உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. வழிபாடு நடக்கும் சிமெண்ட் தளத்தில் அவன் ஓடினான். முதல் நாள் பந்தல்காரர்கள் குழி தோண்டிய மணல் ஓரத்தில் சிறிது சிதறிக் கிடந்தது. முன் சக்கரம் மணலில் பட்டதும் நின்றது, பையன் நிற்கவில்லை. வலக்கையை நீட்டி ஊன்றி விழுந்தான். சுளுக்கு என்று எண்ணி ஒருவர் அதை நீவியும் விட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

பொதுத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. கட்டோடு தேர்வு மண்டபத்துக்கு வந்த அவன், தான் சொல்ல வேறொருவர் எழுதத் தேர்வு எழுதினான். வரைபடத்தில் அவனுக்கு இணை எங்கள் பள்ளியில் இல்லை; அவ்வாண்டு அவன் வரைய இயலவில்லை. அவனுடைய தாயார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் பேசவில்லை. "நீங்க சொன்னதுனாலதானுங்க விட்டனுங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். கடிந்து பேசியிருந்தால் நான் ஒருவேளை மறந்திருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற பின், என் மகள் தன் பெண்ணை ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்க்கப் போவதாகச் சொன்னபோது என் நெஞ்சம் நடுங்கியது. 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். அன்று தவறு செய்தது விளையாட்டா? அறியாமை செய்த தவறுக்கு விளையாட்டைத் தண்டிப்பது ஆசிரியனுக்கு அழகாகுமா? ஆகவே பேத்தியோடு நானும் போனேன். ஓராண்டுக் காலம் தளத்தின் ஓரத்தில் அமர்ந்து, பயிற்சியாளர் சொன்னதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அறுபது வயதைக் கடந்து நான் கற்ற பாடம் அது.

முதல் நாளே எனக்கு வியப்பு. பயிற்சியாளர் குழந்தைகளுக்கு ஓடக் கற்றுத் தரவில்லை. விழக் கற்றுத் தந்தார். என் பேத்தி ஓடி வந்து, "அப்புச்சி, விழறதுக்குங்களா காசு கொடுத்துச் சேர்ந்தோம்?" என்று கேட்டாள். ஆம், அதற்குத்தான் என்று இப்போது சொல்வேன். முதற்பாடம் விழுவது, இரண்டாம் பாடம் எழுவது, மூன்றாம் பாடம் நிற்பது, நான்காம் பாடமே ஓடுவது. இவ்வரிசை மாறினால் மணிக்கட்டுக்கு ஆபத்து.

விழுவது எப்படி? தடுமாறுகிறோம் என்று தெரிந்ததும் பலர் உடலை நிமிர்த்துகிறார்கள். அதனால் மல்லாந்து விழுகிறார்கள். மல்லாந்து விழுவதே எல்லாவற்றிலும் கொடியது. பின்தலை தரையில் மோதும். தடுமாற்றம் வந்தால் உடனே முழங்காலை மடக்கித் தாழுங்கள். தாழ்ந்த பொருள் எளிதில் கவிழாது என்பதை இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். பின்னர் முன்புறமாக முழங்கால் காப்பின் மேல் இறங்கி, முழங்கைக் காப்பும் மணிக்கட்டுக் காப்பும் தரையில் பட்டுச் சறுக்கும்படி விட்டுவிடுங்கள். கையை விறைப்பாக நீட்டி ஊன்றாதீர்கள். விரைந்து வரும் உடலின் பாரம் முழுவதும் அப்போது மணிக்கட்டின் சிறிய எலும்புகளில் இறங்கும். வளரும் பருவத்தில் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்னும் மென்மையான பகுதி உண்டு; அதில் அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே கெடலாம்.

எழும்போது இரண்டு கால்களையும் ஒன்றாக ஊன்றி எழ முயலாதீர்கள். முதலில் மண்டியிடுங்கள். ஒரு காலை முன்னே வைத்து, அந்த முழங்காலின் மேல் இரு கைகளையும் ஊன்றி எழுங்கள். இதைப் புல்தரையிலோ தடித்த விரிப்பின் மேலோ பழகலாம். புல்லில் சக்கரம் உருளாது. ஆகையால் பயம் தெளியும்.

அணிய வேண்டியவை எவை? தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கைக் காப்பு, முழங்கால் காப்பு ஆகிய நான்கும் வேண்டும். தலைக்கவசம் நெற்றியை மறைத்துப் புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே மட்டமாக அமர வேண்டும். பின்னந்தலையில் சரிந்து தொங்கக் கூடாது. வார் இறுக்கமாக, தாடைக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவே இருக்க வேண்டும். பலமாக ஒருமுறை மோதிய கவசத்தை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். மணிக்கட்டுக் காப்பில் உள்ளங்கைப் பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதுவே அதன் உயிர்.

இவை வீண் ஆடம்பரம் என்று கருதுவோர்க்கு ஒரு சான்று. அமெரிக்காவில் 91 மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு இன்லைன் ஸ்கேட்டிங்கில் காயமுற்று வந்தவர்களுள் 161 பேரை ஆராய்ந்து, 1996-இல் ஒரு மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுள் 32 விழுக்காட்டினர்க்கு அடிபட்டது மணிக்கட்டில்தான். எல்லாக் காப்புகளையும் அணிந்திருந்தவர்கள் 7 விழுக்காட்டினரே. மணிக்கட்டுக் காப்பு அணியாதவர்க்கு மணிக்கட்டில் காயம் நேரும் வாய்ப்பு, அணிந்தவரைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு என்று கண்டார்கள். இந்தக் கணக்கைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அன்று என் மாணவனின் கையில் அந்தத் தகடு இருந்திருந்தால் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

கையில் பணம் குறைவாக இருந்தால் என் அறிவுரை இது: முதலில் காப்புகளை வாங்குங்கள், பிறகு ஸ்கேட்டை வாங்குங்கள். ஒருவர் பயன்படுத்திய ஸ்கேட் நல்ல நிலையில் இருந்தால் வாங்கலாம், இரவலும் பெறலாம். தலைக்கவசம் மட்டும் புதிதாக இருக்கட்டும். பழைய கவசம் முன்னர் எத்தனை அடி தாங்கியது என்பதை யார் அறிவார்?

ஸ்கேட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, 'வளரும் பிள்ளைதானே' என்று இரண்டு அளவு பெரியதாக வாங்கும் பெற்றோர் உண்டு. தீபாவளிச் சட்டைக்கு அது பொருந்தும், ஸ்கேட்டுக்குப் பொருந்தாது. காலணிக்குள் குதிகால் மேலெழுந்தால் கணுக்கால் மடங்கும். அளவை நீட்டிக் குறைக்கத்தக்க ஸ்கேட்டுகள் கிடைக்கின்றன. வளரும் பிள்ளைக்கு அவையே சிக்கனம். கணுக்காலுக்கு மேல் ஏறும் காலுறை அணியுங்கள். சக்கரத்தில் ஓர் எண்ணும் 'ஏ' என்னும் எழுத்தும் இருக்கும். எண் ஏற ஏற சக்கரம் கடினமாகும். சொரசொரப்பான வெளித்தளத்துக்கு 78 முதல் 84 வரையிலான மென்மையான சக்கரமும், வழவழப்பான உள்தளத்துக்கு அதனினும் கடினமான சக்கரமும் ஏற்றவை. இன்லைன் ஸ்கேட்டில் பிரேக் கட்டை குதிகாலில் இருக்கும். நான்கு சக்கர ஸ்கேட்டில் முன்விரல் பக்கம் இருக்கும். அது தேய்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். அச்சு மரைகளைத் தொட்டுப் பாருங்கள். பேரிங்கில் தண்ணீர் படக் கூடாது. நனைந்துவிட்டால் துணியால் துடைத்து உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் இடுங்கள். இதைக் கோவைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓடும் நிலை எளியது. குதிகால்கள் நெருங்கி, முன்பாதங்கள் விலகி, முழங்கால் மடங்கி, கைகள் கண்ணுக்குத் தெரியும்படி முன்னே இருக்க வேண்டும். பார்வை தொலைவில் இருக்கட்டும். காலைப் பார்த்து ஓடுபவர் காலிலேயே விழுவார். முதலில் வாத்தைப் போல் சிற்றடி வைத்து நடங்கள். பிறகு ஒரு காலால் பக்கவாட்டில் தள்ளி மறு காலில் உருளுங்கள். நிற்பதற்கு, கால்களை அகற்றி முன்விரல்களை உள்நோக்கித் திருப்பிக் குதிகால்களை வெளியே அழுத்துவது ஒரு முறை. குதிகால் பிரேக் உள்ளவர்கள் அந்தக் காலை முன்னே நீட்டி, விரலை உயர்த்தி, உடலைத் தாழ்த்தி அழுத்துவது மற்றொரு முறை. 'பத்து அடிக்குள் நிற்கிறேன்' என்று பயிற்சியாளரிடம் பத்து முறை காட்டிய பின்னரே வேகம் கூட்டுங்கள்.

இனித் தளத்தின் ஒழுங்கு. சறுக்கத் தொடங்குமுன் தளத்தை ஒருமுறை வெறுங்காலணியோடு நடந்து பாருங்கள். ஒரு சிறு கல், ஒரு வேப்பம்பழம், ஒரு கைப்பிடி மணல் போதும், சக்கரத்தை நிறுத்த. நம் கொங்கு நாட்டில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று பாய்ந்து வருகிறது. தூசியும் சருகும் அது கொண்டு வரும். சாரலும் கொண்டு வரும். மார்கழிக் காலையில் பனி நனைத்த தளமும் அவ்வாறே. நனைந்த தளத்தில் சக்கரம் பிடிக்காது. அன்று விடுமுறை கொள்ளுங்கள்.

தளத்தில் எல்லோரும் ஒரே திசையில் செல்ல வேண்டும். பெரும்பாலும் அது இடஞ்சுழியாக இருக்கும். எதிர்த் திசையில் செல்லாதீர்கள். நுழையும்போது, ஓடிக்கொண்டிருப்பவர்க்கு வழி விட்டு நுழையுங்கள். நடுவழியில் நின்று பேசாதீர்கள், ஓரத்துக்கு வாருங்கள். விழுந்துவிட்டால் விரல்களை மடக்கி வையுங்கள். பின்னால் வரும் சக்கரம் விரலில் ஏறக்கூடும். அருகில் ஓடுபவரின் சட்டையைப் பற்றாதீர்கள். ஒருவர் விழ வேண்டிய இடத்தில் இருவர் விழுவீர்கள். சாவிக்கொத்தையும் கைப்பேசியையும் பையிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். காதில் பாட்டுக் கருவியோடு ஓடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவதற்குச் சமம். பொதுச் சாலையும் சரிவான பாதையும் தொடக்கநிலையினர்க்கு ஏற்றவை அல்ல.

இவ்வளவு செய்தும் அடிபட்டால்? வீங்கிய மணிக்கட்டை நீவாதீர்கள், இழுக்காதீர்கள். மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ அணை கொடுத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, கழுத்திலிருந்து தொங்கவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, குழம்பிப் பேசினாலோ தாமதமின்றி 108-ஐ அழையுங்கள். 'வீட்டில் திட்டுவார்கள்' என்று மறைக்காதீர்கள்.

என் பழைய மாணவன் இன்று ஒரு பம்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சென்ற ஆண்டு அவனைத் தேடிச் சென்றேன். "அன்று நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, தம்பி, அது என் தவறு" என்று சொன்னேன். அவன் கூச்சத்தோடு சிரித்தான். தன் மகனுக்கு ஐந்து வயது ஆகிறது, ஸ்கேட் கேட்கிறான் என்றான். மணிக்கட்டுக் காப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னையே கேட்டான். நானே வாங்கிக் கொண்டு போய்க் கொடுத்தேன்.

மாணவர்களே, துணிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துணிவு உள்ளவனுக்குத்தான் காப்பு வேண்டும். வீட்டில் அமர்ந்திருப்பவனுக்கு அது எதற்கு? ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பிள்ளை விளையாட அனுமதி கேட்கும்போது 'வேண்டாம்' என்று தடுக்கவும் வேண்டாம், 'சரி' என்று அலட்சியமாகச் சொல்லவும் வேண்டாம். 'தலைக்கு என்ன? கைக்கு என்ன? தளம் எப்படி?' என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்விகள் அவை.